வீட்டுப்பாடத்துக்கும் டோஸ் உண்டு

1/
உங்க வீட்டுப் பிள்ளை நேற்று ராத்திரி ஹோம்வொர்க் முடித்தது எத்தனை மணிக்கு? தூங்கப் போனது எத்தனை மணிக்கு? காலையில் நீங்க எழுப்பியது எத்தனை மணிக்கு?

ஓபி-யில் இந்த மூணு கேள்வியையும் கேட்பேன். பெரும்பாலான பெற்றோருக்கு மூணாவதுக்கு மட்டும்தான் டக்குனு பதில் வருது. ஏன்னா வேன் வரும் நேரம் எல்லாருக்கும் மனப்பாடம்.

இது கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

2/
நான் குழந்தைகள் நல நிபுணர் இல்லை. எம்பிபிஎஸ் முடித்துவிட்டு அரசு மருத்துவமனையில் ஓபி பார்க்கிற சாதாரண டாக்டர். கடலூர், சிதம்பரம் சுற்றுவட்டாரம்தான் எனக்குத் தெரிந்த உலகம்.

ஜூன் மாதம் ஸ்கூல் திறந்து நாலைந்து வாரம் ஆனதும் ஒரு கூட்டம் வர ஆரம்பிக்கும். "தலை நோவுதுங்குறான் சார்." "காலையில ஆனா வயிறு நோவுதுன்னு அழுவுறா." "எந்நேரமும் எரிஞ்சு எரிஞ்சு விழுறான்."

சனி, ஞாயிறு வலி இருக்கான்னு கேட்டா, இருக்காது. மே மாத லீவில் வலியே இருந்திருக்காது.

3/
உடனே "பையன் நடிக்கிறான்"னு முடிவு பண்ணிடாதீங்க. அந்த வலி நிஜம். மனசு பதறும்போது குடலும் இறுகும். பரீட்சை அன்னிக்கு உங்களுக்கே வயிறு கலக்கினது ஞாபகம் இருக்கும்.

அதே மாதிரி "எல்லாம் ஸ்கூல் டென்ஷன்தான்"னு விட்டுடவும் கூடாது. கண் பார்வை, ரத்தசோகை, பூச்சித் தொல்லை, சிறுநீர்த் தொற்று, சைனஸ் இதெல்லாம் முதலில் பார்க்கணும்.

தூக்கத்திலிருந்து எழுப்பும் தலைவலி, காலையில் வாந்தியோடு வரும் தலைவலி, பார்வை மங்கல், ராத்திரி எழுப்பும் வயிற்றுவலி, எடை குறைவது, மலத்தில் ரத்தம் இருந்தால் தள்ளிப்போடாம டாக்டரிடம் வாங்க.

இதெல்லாம் இல்லை, டெஸ்ட்டும் நார்மல் என்ற பிறகுதான் அந்த மூணு கேள்வியைக் கேட்கிறேன்.

4/
இப்போ விஷயத்துக்கு வரேன்.

பாராசிட்டமால் சிரப் எல்லார் வீட்டிலும் இருக்கும். அதைக் கிலோவுக்கு சுமார் 15 மில்லிகிராம் கணக்கில் கொடுக்கிறோம். 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம். காய்ச்சல் சீக்கிரம் இறங்கட்டும்னு 5 மடங்கு ஊத்தினா காய்ச்சல் 5 மடங்கு வேகமா இறங்காது. கல்லீரல்தான் கெடும்.

வீட்டுப்பாடமும் அப்படித்தான். அது விஷம்னு நான் சொல்லலை. அளவோடு கொடுத்தா மருந்து. ஆனா அதைக் கொடுக்கிற யாரும் அளவு பார்ப்பதில்லை என்பதுதான் பிரச்சினை.

5/
"அளவுன்னு ஒண்ணு இருக்கா டாக்டர்?"

இருக்கு. மத்திய கல்வி அமைச்சகத்தின் பள்ளிப்பை கொள்கை, 2020-இல் வந்தது. பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்று சொன்ன அதே ஆவணம் வீட்டுப்பாடத்துக்கும் நேரம் குறித்திருக்கு:

• 1, 2-ஆம் வகுப்பு: வீட்டுப்பாடமே கிடையாது.
• 3 முதல் 5 வரை: வாரத்துக்கு அதிகபட்சம் 2 மணி நேரம்.
• 6 முதல் 8 வரை: நாளைக்கு அதிகபட்சம் 1 மணி நேரம்.
• 9 முதல் 12 வரை: நாளைக்கு அதிகபட்சம் 2 மணி நேரம்.

இரண்டாவது வரியை இன்னொரு முறை படிங்க. நாளைக்கு இல்லை. வாரத்துக்கு 2 மணி நேரம்.

6/
இது திடீர்னு முளைச்ச யோசனை இல்லை. 2005-இல் வந்த தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பிலேயே ஏறக்குறைய இதே அளவுதான்.

அதுக்கும் முன்னாடி, நம்ம சென்னையில் பிறந்த எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் ராஜ்யசபா உறுப்பினரா இருந்தபோது, பள்ளிப் பிள்ளைகள் சுமக்கும் சுமையைப் பற்றித்தான் தன் முதல் பேச்சைப் பேசினார். அதன் தொடர்ச்சியா பேராசிரியர் யஷ்பால் தலைமையில் குழு அமைந்தது. 1993-இல் அந்தக் குழு கொடுத்த அறிக்கையின் தலைப்பே 'சுமையில்லாக் கற்றல்' என்ற பொருளில்தான்.

2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருபாகரன், 1, 2-ஆம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று உத்தரவிட்டார். குழந்தைகள் பளு தூக்கும் வீரர்கள் இல்லை என்ற பொருளில் அவர் சொன்னது அப்போ எல்லாப் பேப்பரிலும் வந்தது.

ஆக விதி இருக்கு, அறிக்கை இருக்கு, கோர்ட் உத்தரவும் இருக்கு. உங்க பிள்ளையின் டைரியில் அதெல்லாம் தெரியுதா என்பதுதான் கேள்வி.

7/
ஒரு கணக்கு போடுவோம். புவனகிரி பக்கத்து கிராமம். சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் 5-ஆம் வகுப்பு படிக்கும் பையன்னு வெச்சுக்குவோம்.

காலை 6 மணிக்கு எழுப்பணும். ஏழரைக்கு வேன். சாயந்தரம் 5 மணிக்கு வீடு. ஐந்தரை முதல் ஏழரை வரை டியூஷன். 8 மணிக்கு ஹோம்வொர்க். நடுவில் கால் மணி நேரம் சாப்பாடு. முடியும்போது பத்தேகால். பையை அடுக்கி, படுத்து, தூங்கப் பத்தே முக்கால்.

வீட்டுப்பாடம் நாளைக்கு 2 மணி நேரம். வாரத்தில் 5 நாளுக்கு 10 மணி நேரம். அனுமதிக்கப்பட்ட அளவு 2. அதாவது 5 மடங்கு டோஸ். டியூஷனை இதில் சேர்க்கவே இல்லை.

8/
இப்போ தூக்கக் கணக்கு. பத்தே முக்கால் முதல் ஆறு வரை, ஏழேகால் மணி நேரம்.

6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேணும். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-இல் கொடுத்த பரிந்துரை இது.

குறைந்தபட்ச 9 மணியை வெச்சுப் பார்த்தாலே நாளைக்கு ஒண்ணே முக்கால் மணி நேரம் கடன். 5 நாளில் எட்டே முக்கால் மணி நேரம். வாரத்தில் ஒரு ராத்திரி முழுக்க அந்தப் பையன் கண் மூடாம உட்கார்ந்திருந்த மாதிரி.

நைட் டியூட்டி பார்த்த மறுநாள் நாங்க டாக்டர்களே எரிஞ்சு விழுவோம். அவனுக்கு வயசு பத்து.

9/
"கொஞ்சம் தூக்கம் போனா என்ன, படிப்புதானே வருது?" என்பார்கள். அங்கேதான் தப்பு.

பகலில் படிச்சது மூளையில் நிலைச்சு நிற்பதற்குத் தூக்கம் வேணும். படித்ததை அடுக்கிவைக்கும் வேலை பெரும்பாலும் தூக்கத்தில்தான் நடக்குது. வளர்ச்சி ஹார்மோன் அதிகமா சுரப்பதும் ஆழ்ந்த தூக்கத்தில்தான். தூக்கம் குறைஞ்சா கவனம் சிதறும், கோபம் வரும், எடையும் கூடலாம்.

தூக்கத்தை வெட்டி ஹோம்வொர்க் எழுத வைப்பது ஓட்டைப் பானையில் தண்ணி பிடிக்கிற கதை. பிடிக்கிற நமக்குத்தான் கை வலிக்கும்.

10/
கண்ணையும் சொல்லணும். கிட்டப்பார்வைக் கண்ணாடி போடும் பிள்ளைகள் கூடிக்கிட்டே வராங்க. எல்லாப் பழியும் போன் மேலேயே போகுது. போனுக்கு அதில் பங்கு உண்டு. வெயில் படாம வளர்வதற்கும் பங்கு உண்டு.

சீனாவின் குவாங்சோ நகரில் தொடக்கப்பள்ளிகளில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது, 2015-இல் வெளியானது. சில பள்ளிகளில் மட்டும் தினமும் கூடுதலா 40 நிமிடம் பிள்ளைகளை வெளியே விட்டாங்க. 3 வருஷம் கழித்துப் பார்த்தா, வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் 39.5 சதவீதம் பேருக்குப் புதுசா கிட்டப்பார்வை. வெளியே விட்ட பள்ளிகளில் 30.4 சதவீதம்.

மருந்து இல்லை, ஊசி இல்லை. 40 நிமிட வெளிச்சம், அவ்வளவுதான்.

நமக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரை இருக்கு. மஞ்சக்குப்பம் மைதானம் இருக்கு. ஊருக்கு ஊர் ஏரிக்கரை இருக்கு. சாயந்தரம் ஐந்தரைக்கு அங்கே இருக்கவேண்டிய பிள்ளை டியூஷன் பெஞ்சில் இருக்கு.

11/
சரி, வீட்டுப்பாடத்தால் மார்க் வருதா? நேர்மையா சொல்றேன்.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஹாரிஸ் கூப்பர் என்ற ஆய்வாளர் 2006-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். உயர்நிலை வகுப்புகளில் வீட்டுப்பாடத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு தெரிஞ்சது. தொடக்க வகுப்புகளில் அந்தத் தொடர்பு மிகக் குறைவு.

அதாவது, எந்த வயசில் பலன் குறைவோ, அந்த வயசுப் பிள்ளையைத்தான் நாம ராத்திரி பத்து மணி வரை எழுத வைக்கிறோம்.

12/
உலக அளவில் 15 வயது மாணவர்களுக்கு நடக்கும் பீசா தேர்வின் 2012 கணக்கு இன்னொண்ணு. ஓஇசிடி நாடுகளின் சராசரி வாரத்துக்குச் சுமார் 5 மணி நேர வீட்டுப்பாடம். ஷாங்காயில் சுமார் 14. பின்லாந்திலும் தென் கொரியாவிலும் 3 மணி நேரத்துக்கும் கீழே. ஆனா இந்த மூணுமே தேர்வில் முன்வரிசை.

கொரியாவில் டியூஷன் சென்டர் மோகம் அதிகம், அதையும் சேர்த்துத்தான் பார்க்கணும். ஆனாலும் அந்த ஆய்வு சொன்ன ஒரு முடிவு முக்கியம்: வாரத்துக்கு 4 மணி நேரத்தைத் தாண்டிக் கொடுக்கும் வீட்டுப்பாடத்தால் கிடைக்கும் கூடுதல் பலன் மிகச் சொற்பம்.

அதிலேயே இன்னொரு விஷயமும் வந்தது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் வீட்டுப்பாடத்துக்குச் செலவிடும் நேரம் அதிகம், ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குக் குறைவு.

ஏன்னு யோசிச்சீங்களா?

13/
வீட்டுப்பாடம்னு சொல்றோம். அதுக்கு முதலில் ஒரு வீடு வேணும் இல்லையா?

உட்கார இடம், லைட்டு, டிவி சத்தம் இல்லாத ஒரு மணி நேரம், சந்தேகம் கேட்க ஒரு ஆள். இந்த நாலும் இருக்கும் வீட்டுக்குத்தான் அது வீட்டுப்பாடம். முதல் தலைமுறையா பள்ளிக்கூடம் போற பிள்ளைக்கு அது தனியா எழுதும் பரீட்சை.

பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கப் போகும் அம்மா, முதுநகர் துறைமுகத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவா விற்கும் அம்மா, கரும்பு வெட்டப் போகும் அப்பா. இவங்க இருட்டின பிறகுதான் வீட்டுக்கு வருவாங்க. அதுவரை தம்பியைப் பார்ப்பது, தண்ணி பிடிப்பது, உலை வைப்பது எல்லாம் அந்த ஏழாங்கிளாஸ் பிள்ளைதான்.

இதில் புராஜெக்ட் வேற. சார்ட், தெர்மாகோல், கலர் பிரிண்ட் அவுட். ஜெராக்ஸ் கடையில் கொடுக்கும் காசு அந்த வீட்டில் ஒரு வேளைக் குழம்பு.

14/
எனக்கு மறக்காத ஒரு கேஸ். ஊரும் பள்ளியும் சொல்ல மாட்டேன்.

7-ஆம் வகுப்புப் பொண்ணு. வயிற்றுவலின்னு மூணாவது தடவை வந்திருந்தா. எல்லா டெஸ்ட்டும் நார்மல். அம்மாவைக் கொஞ்சம் வெளியே உட்கார வெச்சுட்டு, "என்ன பாப்பா, ஸ்கூல்ல எதாவது பயமா?"ன்னு கேட்டேன். ரொம்ப நேரம் கழிச்சு வாயைத் திறந்தா.

"ஹோம்வொர்க் எல்லாம் எழுதிடுவேன் சார். டைரியில அம்மா கையெழுத்து வாங்கிட்டு வரச் சொல்றாங்க. அம்மாவுக்குக் கையெழுத்துப் போட வராது. கைநாட்டுன்னா எல்லாரும் சிரிப்பாங்க."

அதனால் கையெழுத்து இல்லாம போவா. செய்யலைன்னு நிக்க வைப்பாங்க. மறுநாள் காலையில் வயிறு நோவும்.

15/
அந்த டீச்சர் கொடுமைக்காரர் இல்லை. அவருக்கு இது தெரியாது, அவ்வளவுதான். அம்மா போய் நேரில் சொன்னதும் கையெழுத்து விஷயத்தை விட்டுட்டாங்க. கடைசி பீரியடில் பத்து நிமிஷம் கொடுத்து அங்கேயே பாதி முடிச்சிடச் சொன்னாங்க. வலி போச்சு.

நான் எழுதின மாத்திரையால் போகலை.

எல்லாருக்கும் இப்படி நல்லபடியா முடியாது. செய்யலை, அதனால் அடி அல்லது அவமானம். அதனால் லீவு. அதனால் பாடம் புரியலை. அதனால் மறுபடி ஹோம்வொர்க் செய்ய முடியலை. இந்தச் சுழலில் சிக்கின பிள்ளை ஒரு நாள் பள்ளிக்கூடத்தை விட்டே நின்னுடும். அப்புறம் பையனா இருந்தா கூலி வேலைக்கு, பொண்ணா இருந்தா கல்யாணத்துக்கு.

வீட்டுப்பாடம் ஒரு பிள்ளையைப் பள்ளியை விட்டே துரத்தும்னா, அது பாடமே இல்லை.

16/
இதுக்கு வழி நம்ம ஊரிலேயே இருந்திருக்கு.

1916-இல் சுவாமி சகஜானந்தா சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். கல்வி மறுக்கப்பட்ட ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கான பள்ளி. கூடவே தங்கிப் படிக்க விடுதியும் வளர்ந்தது. விடுதின்னா சோறும் படுக்கையும் மட்டும் இல்லை. சாயந்தரம் உட்கார்ந்து படிக்க ஒரு இடம், ஒரு விளக்கு, கேட்டால் சொல்லித்தர ஒரு ஆள். வீடு கொடுக்க முடியாததை அது கொடுத்தது.

நூறு வருஷம் கழிச்சு, கொரோனாவுக்குப் பிறகு 2021-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த 'இல்லம் தேடிக் கல்வி'யும் அதே யோசனைதான். சாயந்தரம் அந்தத் தெருவிலேயே ஒரு தன்னார்வலர், ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். பிள்ளை தனியா முழிக்கவேண்டாம்.

கொடுக்கிற வேலைக்கு உதவியும் சேர்த்துக் கொடுத்தால்தான் அது கல்வி. உதவி இல்லாம வேலை மட்டும் கொடுத்தா அது தண்டனை.

17/
இனி நீங்க கேட்கப்போகும் கேள்விகள்.

"ஹோம்வொர்க் இல்லைன்னா போன்தான் டாக்டர் பார்க்கும்."

போனை வாங்கி வைப்பது வீட்டு வேலை. அதை ஸ்கூல் மேல் தள்ளக்கூடாது. கேள்வி பதிலை 5 தடவை காப்பி பண்ண வைப்பது போனுக்கு மாற்று இல்லை. விளையாட்டுதான் மாற்று.

18/
"போட்டி உலகம் சார். நீட் இருக்கு."

நானும் போட்டி எழுதித்தான் மருத்துவக் கல்லூரிக்குள் வந்தேன். 11, 12 படிக்கிறவங்க உட்கார்ந்து படிக்கத்தான் வேணும், அவங்களுக்கு நாளைக்கு 2 மணி நேரம்னு விதியிலேயே இருக்கு. ஆனா 3-ஆம் வகுப்புப் பையனை நீட் பேரைச் சொல்லி பத்து மணி வரை முழிக்க வைப்பதில் எந்த நியாயமும் இல்லை. அவன் ஓடவேண்டியது மாரத்தான். முதல் நூறு மீட்டரிலேயே மூச்சை வாங்கிட்டா பாதியில் உட்கார்ந்துடுவான்.

19/
"ஸ்கூல்தானே கொடுக்குது, நாங்க என்ன செய்ய?"

பள்ளிக்கூடத்தைக் கேட்டா, "பேரண்ட்ஸ்தான் கேக்குறாங்க"ங்கிறாங்க. இதில் உண்மை இருக்கு. டைரி காலியா வந்தா "என்ன ஸ்கூல் இது, ஒண்ணுமே சொல்லித்தரல"ன்னு வாட்ஸ்அப் குரூப்பில் முதலில் எழுதுவது நாமதான்.

நோட்டு நிறைய எழுத்து இருந்தா பிள்ளை நிறைய படிச்சிருக்குன்னு ஒரு நம்பிக்கை. மாத்திரை அதிகமா எழுதினாதான் நல்ல டாக்டர்னு சொல்ற அதே நம்பிக்கை.

20/
உலகத்தில் மற்றவங்களும் இதோடு மல்லுக்கட்டிட்டுத்தான் இருக்காங்க. படிப்பு வெறி பிடிச்ச நாடுன்னு நாம நினைக்கும் சீனாவே 2021-இல், 1, 2-ஆம் வகுப்புக்கு எழுத்து வீட்டுப்பாடம் கூடாது, 3 முதல் 6 வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாதுன்னு சொல்லிடுச்சு. போலந்தில் 2024 ஏப்ரல் முதல் 1 முதல் 3-ஆம் வகுப்பு வரை வீட்டுப்பாடத்தை எடுத்துட்டாங்க. 4 முதல் 8 வரை விருப்பப்பட்டால் செய்யலாம், மார்க் கிடையாது.

எல்லாத்தையும் நாம காப்பி அடிக்கவேண்டாம். நம்மிடம் இருக்கும் விதியை நடைமுறைப்படுத்தினாலே போதும்.

21/
பெற்றோர் செய்யவேண்டியது:

• ஒரு வாரம் மட்டும், ஹோம்வொர்க் ஆரம்பிக்கும் நேரம், முடியும் நேரம், தூங்கும் நேரம் மூணையும் ஒரு பேப்பரில் குறிங்க. "ரொம்ப நேரம் ஆகுது"ன்னு சொன்னா யாரும் கேட்க மாட்டாங்க. "வாரத்துக்கு 10 மணி நேரம் ஆகுது"ன்னு சொன்னா கேட்பாங்க.

• தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு 9 மணிக்கு லைட் ஆஃப். முடியலைன்னா முடியலை. டைரியில் "இவ்வளவு நேரம் முயற்சி செய்தான், தூங்க வைத்துவிட்டேன்" என்று எழுதி அனுப்புங்க. அது உங்க உரிமை.

• பிள்ளைக்காக நீங்க எழுதிக் கொடுக்காதீங்க. டீச்சருக்கு அளவு அதிகம் என்பதே தெரியாமப் போயிடும்.

• தனி ஆளா போய்ச் சண்டை போடவேண்டாம். பேரண்ட்ஸ் மீட்டிங்கில் நாலு பேர் சேர்ந்து அந்தப் பேப்பரோடு கேளுங்க. அரசுப் பள்ளின்னா பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேளுங்க. அது அதுக்காகத்தான் இருக்கு.

22/
ஆசிரியர்களுக்கு, மரியாதையோடு:

• தமிழ், கணக்கு, அறிவியல் எல்லாரும் தனித்தனியா "அரை மணி நேர வேலைதான்"னு கொடுத்தா மொத்தம் இரண்டரை மணி நேரம். கரும்பலகை ஓரத்தில் அன்றைய வீட்டுப்பாடத்தை எல்லாரும் எழுதுங்க. கடைசியா வருபவருக்கு மொத்தம் தெரியும். நாங்களும் ஒரே கேஸ் ஷீட்டில்தான் எல்லா மருந்தையும் எழுதுறோம், அதே காரணத்துக்காக.

• அம்மா அப்பா உதவி, பிரிண்டர், காசு இது எதுவும் இல்லாம பிள்ளை தானே செய்யக்கூடியதை மட்டும் கொடுங்க.

• செய்யாம வந்தா, ஏன்னு முதலில் கேளுங்க. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆவது பிரிவு, உடல் தண்டனையை மட்டும் இல்லை, மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்யுது. வகுப்புக்கு வெளியே நிக்க வெச்சு அவமானப்படுத்துவதும் அதில் வரும்.

நாற்பது நோட்டை ராத்திரி உட்கார்ந்து திருத்துவது உங்களுக்கும் சுமைதானே? குறைச்சா ரெண்டு பக்கமும் நல்லா தூங்கலாம்.

23/
1, 2-ஆம் வகுப்புப் பிள்ளைக்கு வீட்டில் ஒண்ணுமே வேணாமான்னு கேட்டா, நிறைய இருக்கு. அரிசியை ஆழாக்கில் அளக்கச் சொல்லுங்க. கோலத்துக்குப் புள்ளி எண்ணச் சொல்லுங்க. பஸ் போர்டைப் படிக்கச் சொல்லுங்க. இன்னிக்கு ஸ்கூலில் என்ன நடந்ததுன்னு கேட்டு, முழுசா காது கொடுத்துக் கேளுங்க.

இதுக்கு நோட்டு வேணாம், கையெழுத்தும் வேணாம். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும் செய்யலாம்.

24/
சுருக்கமா:

வீட்டுப்பாடத்துக்கு அளவு உண்டு, அது எழுதியும் வைக்கப்பட்டிருக்கு. அந்த அளவைத் தாண்டினா முதலில் போவது தூக்கம், அடுத்தது விளையாட்டு, ஏழை வீட்டில் கடைசியா போவது பள்ளிக்கூடமே.

உங்க பிள்ளை எந்த வகுப்பு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வீட்டுப்பாடம் எழுதுதுன்னு ஒரு வாரம் குறிச்சுட்டு கமெண்ட்டில் போடுங்க. பள்ளி பேர் வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும். மேலே கொடுத்த அளவோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்க.

குறிக்கும்போது 9 மணி ஆயிட்டா, நோட்டை மூடிட்டு லைட்டை அணைச்சிடுங்க.


அரசு மருத்துவர், கடலூர் மாவட்டம்